அமரலாம் என்ற சொல்

சனிக்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு, செம்பியன்துறை கூட்டுறவுச் சங்க மண்டபத்தில், கரைநாட்டுத் தனியரசு முன்னணியின் பேராளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மறைந்த தலைவர் கனகசூரியருக்கு மௌன அஞ்சலி செலுத்த எழுந்து நின்றார்கள். அவர்களில் கடைசியாக எழுந்தவர், மூன்றாம் வரிசையின் ஓரக் கதிரையில் இருந்த கதிர்காமத்தம்பி, எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். உயிரோடு இருந்த காலத்தில் அவர் அதற்குப் பிறகு எங்கும் உட்காரவில்லை.

கனகசூரியர் முப்பத்தொரு வருடம் தலைவராக இருந்தவர். கரைநாடு தனி அரசாகும் என்று ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்லி, ஆகாமலே இறந்தவர். அவருடைய இடத்துக்குச் சட்டத்தரணி வாமதேவனும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பேரின்பநாதனும் போட்டியிட்டார்கள். இருவருக்கும் ஒரே கொள்கை, ஒரே எதிரி, ஒரே பேச்சு. ஒருவர் எழுதிய அறிக்கையை மற்றவர் மாற்றி வாசித்தாலும் சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பிளவு மிகவும் ஆழமாக இருந்தது.

மாநாட்டுக்கு முந்திய வாரங்களில் இரு தரப்பும் ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தன: தலைவருக்கு உரிய மரியாதை எதுவும் தேர்தலுக்கு முன் மற்றவருக்குக் கிடைத்துவிடக் கூடாது. கொடிக்கயிற்றை இருவரும் சேர்ந்து இழுப்பது என்றும், குத்துவிளக்கின் ஐந்து திரிகளில் ஆளுக்கு இரண்டை ஏற்றி ஐந்தாவதை எரியாமல் விடுவது என்றும், மேடையின் நடுக் கதிரையை வெறுமையாக வைப்பது என்றும் பேசி முடித்தார்கள். மௌன அஞ்சலியைச் செயலாளர் தொடக்கிவைப்பார். அதை முடித்துவைக்கும் ‘அனைவரும் அமரலாம்’ என்ற சொல்லை முன்னணி தோன்றிய நாள் தொட்டுத் தலைவர் மட்டுமே சொல்லிவந்ததால், இருவரில் எவரும் அதைச் சொல்லக் கூடாது என்று உடன்பட்டார்கள். அப்படியானால் யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆளைத் தெரிவுசெய்ய இன்னொரு கூட்டம் கூட்ட வேண்டியிருக்கும்.

எனவே செயலாளர் எழுந்து நிற்கச் சொன்னார், எல்லோரும் எழுந்து நின்றார்கள், தலை குனிந்தார்கள், இரண்டு நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று, மேடையில் வாமதேவன் பேரின்பநாதனைக் கடைக்கண்ணால் பார்த்தார், பேரின்பநாதன் வாமதேவனைப் பார்த்தார், மின்விசிறிகள் சுற்றின, யாரோ இருமினார், வெளியே மீன் விற்கிறவனுடைய மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தது, அப்போதும் நின்றார்கள். கடைசியில் பின் கதவால் சமையல்காரர் தலையை நீட்டினார்.

“ஐயாமார், சோறு ஆறுது. பருப்பில ஆடை கட்டீட்டுது. நிக்கிறதெண்டால் சாப்பிட்டிட்டு வந்து நில்லுங்கோ.”

பந்திக்கு முதலில் போனவர் கதிர்காமத்தம்பி. வாழையிலைக்கு முன்னால் குனிந்தார். முழங்கால் ஒரு அளவுக்குமேல் மடியவில்லை. நோவு ஒன்றும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வந்த அத்தனை பேரும் பாதி குனிந்த நிலையில், கீழே எதையோ தவறவிட்டவர்களைப் போல் நின்றார்கள். பிறகு இலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

அன்று பொழுதுபட வீட்டுக்கு வந்தவரை மனைவி இராசமலர் வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன, காவலுக்கு வந்த பொலிஸ்காரன் மாதிரி நிக்கிறியள்? இருங்கோவன்.”

“இருக்கேலாது.”

“ஏன், ஆர் வெண்டது?”

“ஒருத்தரும் வெல்லேல்லை. அதாலதான்.”

கதிர்காமத்தம்பி முப்பத்தாறு வருடம் செம்பியன்துறைக்கும் தலைநகருக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் நின்றவர். ஓய்வுபெற்ற மாதத்தில் அவர் வாங்கிய ஒரே பொருள், நீலக் கோடு போட்ட துணி கட்டிய சாய்மனைக் கதிரை. பின்னேரங்களில் அதில் சாய்ந்து, காலை நீட்டி, “நிண்டு உழைச்சனான், இதில இருந்து சாவன்” என்பார். “முதல்ல சந்தைக்குப் போய் மீனை வாங்கிக்கொண்டு வாங்கோ, பேந்து சாகலாம்” என்பார் இராசமலர். பதினெட்டு வருடம் இருவரும் அதைப் பகிடியாகச் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு சொல்லவில்லை. அவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்று அதன் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருப்பதை இராசமலர் குசினி வாசலிலிருந்து பார்ப்பார்.

சனம் பழகிக்கொண்டது. பேராளர்களால் நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது, எழுந்து நின்றபடி சைக்கிள் மிதிக்கவும் முடிந்தது. உட்காரும் அளவுக்கு மட்டும் உடம்பு மடிய மறுத்தது, பாயில் கிடத்தினால் அடியில் ஈயம் வைத்த பொம்மையைப் போல மெல்ல மெல்ல நிமிர்ந்து எழுந்தது. ஆகவே அவர்களை இரவில் தூணோடும் தென்னையோடும் சேலையால் கட்டிவைத்து, மேலே கிணற்று வாளியைப் போல நுளம்புவலையைத் தொங்கவிட்டார்கள். தேநீர்க் கடைகளில் நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடித்தார்கள். சலூன்காரர் ஸ்டூலில் ஏறி நின்று முடி வெட்டினார். மினிபஸ் கண்டக்டர்கள் அவர்களிடம் அரை டிக்கெட் போதும் என்றார்கள், சீற் பிடிக்காத ஆள் அரை ஆள்தானே என்றார்கள். அரசாங்கக் கச்சேரியில் எழுதுநராக இருந்த பேராளர் ஒருவர் இருக்கைக்குப் போகாததால் வரிசை விரைவாக நகர்ந்தது, அவரைப் பற்றி மட்டும் பொதுமக்கள் நல்லதாகப் பேசினார்கள். மகளின் கல்யாணத்தில் மணவறைக்கு முன்னால் நின்றபடியே தாரைவார்த்த தகப்பனுக்காக ஐயரும் எழுந்து நின்று மந்திரம் சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் இதுதான் கரைநாட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கழிப்பறை விசயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுப் பெண்கள் கூடுதலாகத் தண்ணீர் வாளிகள் சுமந்தார்கள், அவ்வளவுதான். ஊர்ச் சுவர்களில் தலை உயரத்தில் எண்ணெய்க் கறைகள் வந்தன, ஒவ்வொரு கறையும் யாருடையது என்று சனத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சொல்லையும் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். கோயிலில் ஐயர் ஒலிபெருக்கியில் சொன்னார், பாதிரியார் பலிபூசையின் முடிவில் சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள், சந்தியில் இருந்த தேநீர்க் கடைக் கிளி மற்ற எல்லாவற்றையும் மறந்து அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. இராசமலர் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கரைநாட்டில் அந்தச் சொல்லைச் சொல்லாதவர்கள் இரண்டு பேர்தான்.

அவர்கள் இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுடைய கால்களும் மற்றவர்களுடையதைப் போலவே வீங்கின. ஆனால் முன்னணியின் யாப்பில் ஒரு விதி இருந்தது. பழைய காலத்து மாநாடொன்றில் சிலர் வரிசை மாறி ஓடி இரண்டு தரம் வாக்களித்ததால், கதிரையில் உட்கார்ந்திருக்கும் பேராளருக்கு மட்டுமே வாக்குச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று கனகசூரியரே எழுதிவைத்தது. உட்காராமல் வாக்கில்லை, வாக்கில்லாமல் தலைவரில்லை, தலைவரில்லாமல் உட்கார வழியில்லை. விதியைத் திருத்தலாம் என்றால் திருத்தும் பிரேரணையைத் தலைவர்தான் கொண்டுவர வேண்டும். வழக்குப் போட்டார்கள். நீதிபதி இரு தரப்பையும் அமரச் சொன்னார். இருக்க முடியாததை மன்று கவனத்தில் எடுத்து, தவணை கொடுத்தது. மத்திய அரசு நல்லெண்ண அடையாளமாக இருநூறு பிளாஸ்டிக் கதிரைகளை ஒரு லொறியில் அனுப்பியது. இதைக் கண்டிக்கும் அறிக்கையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, அந்தக் கதிரைகளைக் கல்யாண வீடுகளுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது கதிர்காமத்தம்பியின் மூச்சு சுருங்கியது. பெரியாஸ்பத்திரியில் கட்டிலை நிமிர்த்திவைத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் நீர் சேர்கிறது, கால் தொங்காமல் ஓய்வு கொடுத்தால் சில காலம் இருப்பார், இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். இராசமலர் மருமகன் நிமலனுடைய ஓட்டோவில் ஏறி நேரே வாமதேவனின் கந்தோருக்குப் போனார்.

சட்டத்தரணி, செங்கல் அடுக்கி உயர்த்திய மேசைக்குப் பின்னால் நின்றார். மேசைக்கு அடியில் அவருடைய பாதங்கள் சப்பாத்துக்குள் அடங்காமல் ரப்பர் செருப்பில் இருந்தன.

“தம்பி, உங்களிட்ட வேற ஒண்டும் கேட்டு வரேல்லை. ஒருக்கா வீட்ட வந்து அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. அந்த மனிசன் இருந்திட்டுச் சாகட்டும்.”

“அக்கா, நான் சொல்லி அவர் இருந்தால் எனக்குச் சந்தோசம். இராட்டி?”

“இராட்டி நிப்பார். இப்பவும் நிக்கிறார்தானே.”

“அவர் நிப்பார். நான் விழுந்துபோவன். நான் சொல்லியும் ஒரு பேராளர் இருக்கேல்லை எண்டு பேரின்பநாதன்ர ஆக்கள் அடுத்த நாளே நோட்டீஸ் ஒட்டுவினம்.”

“ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

“உங்களுக்குத் தெரியுமே. அது காணாதே?”

இராசமலர் கொஞ்ச நேரம் அவருடைய பாதங்களைப் பார்த்தார். “உங்கட காலுக்கும் நோகுதுதானே, தம்பி?”

“நோகுது” என்றார் வாமதேவன். “ஆனா பேரின்பநாதனுக்கும் நோகும். அவர் முதல்ல களைக்கட்டும்.”

அதிபர் பேரின்பநாதன் நல்ல மனிதர். இராசமலர் கேட்டதும் கண் கலங்கினார். கதிர்காமத்தம்பியின் பஸ்ஸில்தான் தான் பல்கலைக்கழகம் போனதாகவும், ஒரு தடவை காசில்லாமல் ஏறியபோது அவர் இறக்கிவிடவில்லை என்றும் சொன்னார். அடுத்த நாள் மத்தியானம், ஊர் சோற்றுக்கு முன்னால் இருக்கும் நேரம் பார்த்து, பின் ஒழுங்கையால் நடந்து வந்தார். இராசமலர் சாய்மனைக் கதிரையைக் கதிர்காமத்தம்பியின் முழங்காலுக்குப் பின்னால், தொடும் தூரத்தில் இழுத்துவைத்தார். இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்றார்கள். கதிர்காமத்தம்பி அன்று முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

பேரின்பநாதன் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். மூடினார்.

“ஐயா, நான் சொல்லி நீங்கள் இருந்தால், என்ர சொல்லிலதான் இருந்தனீங்கள் எண்டு நாலு பேருக்குச் சொல்லுவியள்தானே?”

“சொல்லுவன்.”

“இருக்காட்டி?”

கதிர்காமத்தம்பி தூணில் சாய்ந்து மூச்சை வாங்கினார். “தம்பி, நான் முப்பத்தாறு வருசமா ‘முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ’ எண்டு கத்தினனான். சில நாள் சனம் போகும். கன நாள் போகாது. போகாததுக்காக என்னை ஒருத்தரும் கண்டக்டர் இல்லையெண்டு சொல்லேல்லை. பஸ் ஓடினது.”

“அது பஸ், ஐயா.”

“ஓம். அதுதான் ஓடினது.”

பேரின்பநாதன் தலை குனிந்துகொண்டார். இன்னொரு தரம் வாயைத் திறந்தார். இராசமலர் கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அது நகர்ந்துவிடக் கூடாது என்று. “நான் ஒருக்கா ஆக்களோட கதைச்சிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு அதிபர் வந்த ஒழுங்கையாலேயே திரும்பிப் போனார். அவர் போன பிறகும் கன நேரம் இராசமலர் கதிரையை விடவில்லை.

“விடு, மலர்” என்றார் கதிர்காமத்தம்பி. “நல்ல பெடியன். அப்பவும் உப்பிடித்தான், இறங்கிற இடம் வந்தாப் பிறகு மணியடிக்க யோசிப்பான்.”

அதற்குப் பிறகு அவர் கதிரையைத் தன் கண்ணுக்குப் படாத இடத்தில் வைக்கச் சொன்னார். இராசமலர் அறைக்குள் கொண்டுபோய்ச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுவந்தவர், குவளையை நீட்டி, வழக்கமான அந்தச் சொல்லைச் சொல்லி, அவர் வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பைக் காணாமல் நிமிர்ந்து பார்த்தார். கதிர்காமத்தம்பி விறாந்தைத் தூணோடு கட்டிய சேலைக்குள் நேராக நின்றபடி இறந்திருந்தார்.

இறந்த பிறகும் உடம்பு கிடக்க மறுத்தது. பெட்டி செய்கிற ஆசாரி அளவெடுத்துப் பார்த்துவிட்டு அலுமாரியைப் போல ஒன்றைச் செய்துகொடுத்தார். முன்னணியின் கொடியை மேலிருந்து தொங்கவிட்டார்கள். பேராளர்கள் எல்லோரும் வந்து மதிலோரம் நின்றார்கள். மற்றச் சனம் எழுந்து நிற்கவும் பேசாமல் இருக்கவும் பயந்து, கதிரைகளில் இருந்தபடி மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அந்த மாநாட்டுக்குப் பிறகு கரைநாட்டுச் செத்த வீடுகளில் இதுதான் பழக்கமாகியிருந்தது. கதை குறைந்து ஒரு கணம் அமைதி விழுந்தால், யாராவது அவசரமாக ஒரு பொய்யையாவது சொல்லுவார்கள்.

இரு தரப்பும் இரங்கலுரை நிகழ்த்தி முடிந்ததும், பழக்க தோசத்தில் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இப்பொழுது, மறைந்த எங்கள் அன்புக்குரிய…”

“ஓடுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். கதிரைகள் சரிந்தன. பந்தலுக்குள் இருந்த சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலி பாய்ந்தது, பறை அடிக்க வந்தவர்கள் பறையையும் விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் ஓடினார்கள், பேராளர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், அவர்களுக்கு இனி என்ன. இராசமலர் தலைவிரிகோலத்தோடு உள்ளேயிருந்து வந்து செயலாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“உங்கட மௌனம் எங்களுக்கு வேண்டாம். இவ்வளவு நாளும் நீங்கள் இருந்த மௌனம் காணும். தூக்கிக்கொண்டு போங்கோ.”

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை நிமலன்தான் வந்து சொன்னான். உடம்பை நிறுத்தி, சுற்றிவரக் கிணற்றுக்கட்டைப் போல விறகு அடுக்கி, நெய் ஊற்றி, பேரன் கொள்ளி வைத்தான். ஈர விறகு முதலில் புகைந்து, பிறகு பற்றியது. வாமதேவன் ஒரு பக்கமும் பேரின்பநாதன் மறுபக்கமும் கைகட்டி நின்றார்கள். தீ நன்றாக ஏறிய பிறகு, நெருப்புக்குள் தெரிந்த உருவம் முதலில் முழங்காலில் மடிந்தது, பிறகு இடுப்பில் மடிந்தது, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, காலை நீட்டி, உட்கார்ந்தது. சுடலையில் எரிக்கிறவர் வழக்கப்படி தட்டிவிடக் கம்பைத் தூக்கினார், பிறகு கீழே போட்டுவிட்டார்.

இதைச் சொல்லும்போது நிமலனுடைய தலையிலிருந்து இன்னும் நீர் சொட்டியது.

“மாமி, மாமா இருந்திட்டார்.”

இராசமலர் கேட்டார்: “ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“அவை ரெண்டு பேரும் நிண்டவையே?”

“நிண்டவை. பாத்துக்கொண்டு நிண்டவை.”

அடுத்த நாள் காலையில் இரண்டு நோட்டீஸ்கள் சந்திச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. மூத்த பேராளர் கதிர்காமத்தம்பி, தலைவர் வாமதேவன் மனதுக்குள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு இறுதியில் அமர்ந்தார் என்றது ஒன்று. மற்றதிலும் அதே வசனம்தான் இருந்தது. பெயர் மட்டும் பேரின்பநாதன். சனம் இரண்டையும் வாசித்துவிட்டு வேலைக்குப் போனது. மீதிப் பேராளர்களின் வீடுகளில் மட்டும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எப்படி உட்காரலாம் என்று அவர்களுக்கு இப்போது தெரிந்திருந்தது, மனைவிமார் தீப்பெட்டிகளை ஒளித்துவைத்தார்கள்.

இராசமலர் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு அறைக்குள் போய், சுவரைப் பார்த்திருந்த சாய்மனைக் கதிரையைத் திருப்பினார். அதில் உட்காரவில்லை. நீலக் கோட்டுத் துணியைச் சட்டத்திலிருந்து உருவி, கிணற்றடியில் அடித்துத் தோய்த்து, வேலியில் விரித்துவிட்டு, வெறும் சட்டத்தை விறகோடு அடுக்கிவைத்தார்.

2027ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13ஆம் திகதி சனிக்கிழமை, செம்பியன்துறை கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் கூடிய கரைநாட்டுத் தனியரசு முன்னணியின் விசேட மாநாடு, அமர்ந்த பேராளர் எவரும் இல்லாமையால், தலைவர் தெரிவைத் திகதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தது.